தூர் வாருதல்: இன்லெட் மேனிஃபோல்டைக் கழற்றுவதும் பூட்டுவதும்

"தம்பி, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. ரேஸ் பண்ணா கரும்புகைதான் வருது. டர்போ போயிடுச்சு, மாத்தணும்னு சொல்லிட்டாங்க."

இப்படிச் சொல்லிக்கொண்டு ஒரு பெரியவர் கொண்டுவந்த இன்னோவாவை வைத்தே இந்த அத்தியாயத்தைத் தொடங்குகிறேன். வண்டி அவருடைய மருமகனுடையது. மருமகன் துபாயில் வேலை. வருஷத்தில் ஒன்றரை மாதம்தான் அதிராம்பட்டினத்தில் இருப்பார். மற்ற மாதங்களில் வண்டி வாரத்துக்கு இரண்டு தடவை பட்டுக்கோட்டை வரை போய்வரும். போக 12 கிலோமீட்டர், வர 12 கிலோமீட்டர். இன்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் ஷெட்டுக்குத் திரும்பிவிடும். டர்போவைத் தொடுவதற்கு முன்னால் காற்று வரும் ஹோஸைக் கழற்றி, மேனிஃபோல்டின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று விரல் தாராளமாக நுழைய வேண்டிய இடத்தில் சுண்டு விரல் போகும் அளவுக்குத்தான் வழி இருந்தது. சுற்றிலும் தார் போலக் கரி. டர்போ நன்றாகத்தான் இருந்தது.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. 1934-ல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாய் நம் பக்கத்துக்குத் தண்ணீர் தருகிறது, நாம் கடைமடைக்காரர்கள். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும், வாய்க்காலில் தூர் வாராவிட்டால் தலைமடைக்கு எட்டும் தண்ணீர் கடைமடைக்கு எட்டாது. இன்லெட் மேனிஃபோல்டும் வாய்க்கால்தான். ஒரு வாயில் வரும் காற்றை நான்கு சிலிண்டருக்கும் பங்கிட்டு அனுப்புகிறது. அதில் கரி படிந்தால் ஒரு சிலிண்டருக்குக் காற்று குறையும், இன்னொன்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். டீசலை மட்டும் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இன்ஜெக்டர் தெளிக்கும். காற்று போதாத சிலிண்டரில் டீசல் முழுதாக எரியாது. அதுதான் கரும்புகை, அதுதான் பிக்கப் குறைவு.

கரி எங்கிருந்து வருகிறது

கழற்றுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தூர் வாரிவிட்டு மண் சரியும் கரையை அப்படியே விட்டால் அடுத்த வருஷமும் அதே வேலைதான்.

டீசல் இன்ஜினில் இ.ஜி.ஆர். வால்வு என்று ஒன்று உண்டு. வெளியே போகும் புகையில் ஒரு பங்கை அது திரும்பவும் மேனிஃபோல்டுக்குள் விடும். எரியும் இடத்தில் சூட்டைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடு என்னும் நச்சு வாயு அதிகம் உண்டாகாமல் தடுப்பதற்காக வைத்த ஏற்பாடு அது. அந்தப் புகையோடு கரித்தூளும் வரும். வெறும் தூளாக இருந்தால் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். ஆனால் கிராங்க் கேஸிலிருந்து வரும் பிரீதர் குழாய் வழியாக ஆயில் ஆவியும் அதே பாதையில் சேருகிறது. தூளும் ஆயிலும் குழைந்து பசையாகி, காய்ந்து, மேலே மேலே ஒட்டிக் கெட்டியாகிறது. டர்போவின் சீல் தேய்ந்து ஆயில் கசிந்தால் இன்னும் வேகமாகப் படியும்.

இ.ஜி.ஆர். வால்வு குறைந்த வேகத்திலும் குறைந்த லோடிலும்தான் அதிகம் திறக்கும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது மூடிக்கொள்ளும். கடைத்தெருவுக்கும் பட்டுக்கோட்டைக்கும் மட்டும் ஓடும் வண்டியில் மேனிஃபோல்டு அடைவதற்குக் காரணம் இதுதான். அதே வருஷத்து, அதே மாடல் வண்டி திருச்சி விமான நிலையத்துக்கு வாடகைக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதைத் திறந்து பார்த்தால் இந்த அளவு கரி இருக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாதம் ஒரு தடவையாவது ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள் என்று வெளிநாட்டில் வேலை பார்க்கும் வண்டிக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சில இடங்களில் இ.ஜி.ஆர். வழியைத் தகடு வைத்து அடைத்துவிடுகிறார்கள். நான் அதைச் செய்வதில்லை, நீங்களும் செய்யாதீர்கள். பல கார்களில் இன்ஜின் லைட் எரியத் தொடங்கும். அதைவிட முக்கியம், அந்த நச்சு வாயுவை நம் தெருவே சுவாசிக்க வேண்டியிருக்கும். வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து, தடையில்லாமல் திறந்து மூடுகிறதா என்று பார்த்துப் பூட்டினால் போதும்.

கழற்றும் முன்

இழுவை குறைந்தால் உடனே மேனிஃபோல்டில் கை வைக்காதீர்கள். முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசும் சாலையில் காயும் வைக்கோல் தூசும் ஃபில்டரை ஒரே மாதத்தில் அடைத்துவிடும். களத்துக்குப் பக்கத்தில் நிறுத்திய வண்டியாக இருந்தால் எலியும் காரணமாக இருக்கலாம். ஃபில்டர் பெட்டிக்குள் வைக்கோலும் நெல்லுமாக எலி கூடு கட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பிறகு ஹோஸ்களில் வெடிப்பு இருக்கிறதா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்து, மேனிஃபோல்டு வாயிலும் கரியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும்.

ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஊற வைப்பதற்கு இரவும் சேர்த்தால் ஒன்றரை நாள். புது கேஸ்கெட் கைக்கு வராமல் கழற்றத் தொடங்காதீர்கள். மேனிஃபோல்டு கேஸ்கெட், இ.ஜி.ஆர். கேஸ்கெட், த்ராட்டில் பாடி ஓ-ரிங் எல்லாம் வேண்டும். இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். இ.ஜி.ஆர். கூலருக்குப் போகும் கூலன்ட் குழாயைக் கழற்ற வேண்டிய வண்டியானால், முதலில் கூலன்ட்டைச் சுத்தமான பாத்திரத்தில் இறக்கிவிடுங்கள்.

காமன் ரெயில் இன்ஜின்களில் மேனிஃபோல்டுக்குக் குறுக்கே உயர் அழுத்த டீசல் குழாய்கள் போகலாம். ஓடும்போது அவற்றுக்குள் 1,000 பாருக்கும் மேலான அழுத்தம் இருக்கும். இன்ஜினை நிறுத்திய உடனே அந்த நட்டுகளைத் தொடக் கூடாது. கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது; அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நடந்தால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழாய்களைக் கழற்றியதும் இரு முனைகளையும் சுத்தமான மூடியால் மூடுங்கள். ஒரு துளி மண் போனாலும் இன்ஜெக்டர் கெடும். கழற்றிய குழாய்களைத் திரும்பப் போடலாமா, புதிது வேண்டுமா என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள்.

ஒவ்வொரு கனெக்டரையும் பிடுங்கும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அட்டையில் மேனிஃபோல்டின் உருவத்தை வரைந்து, போல்ட் இருக்கும் இடங்களில் ஓட்டை போட்டு, கழற்றிய போல்ட்டை அந்தந்த ஓட்டையில் செருகி வையுங்கள். போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் என்று நினைக்காதீர்கள். நீளமானது குட்டைக் குழியில் போனால் அடியில் முட்டி நிற்கும். இறுகிவிட்டது போலக் கைக்குத் தெரியும், கேஸ்கெட் மட்டும் இறுகியிருக்காது.

உப்புக் காற்றும் போல்ட்டும்

நம் ஊரில் இந்த வேலையின் கஷ்டமான பகுதி இதுதான். மேனிஃபோல்டு அலுமினியம், போல்ட் இரும்பு. இரண்டு உலோகம் சேரும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரிபடும், மரையில் வெள்ளைப் பொடி கட்டும். கடலும் உப்பளமும் பக்கத்தில் இருக்கும் ஊரில் திறந்த ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் இது நடக்காமல் இருக்காது. தஞ்சாவூர் வண்டியில் ஒரே திருப்பில் வரும் போல்ட், அதிராம்பட்டினத்து வண்டியில் தலை முறிந்து கையோடு வரும்.

முதல் நாள் மாலையே எல்லா போல்ட் தலையிலும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து விடுங்கள். காலையில் மறுபடி அடியுங்கள். ஆறு முனை சாக்கெட் மட்டும் பயன்படுத்துங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த தலையை வழித்துவிடும். வர மறுக்கும் போல்ட்டை இழுத்துப் போராடாதீர்கள். முதலில் ஒரு நூலளவு இறுக்கிப் பாருங்கள், பிறகு கால் திருப்பு தளர்த்துங்கள், மறுபடி இறுக்குங்கள், மறுபடி தளர்த்துங்கள். பொடி உதிர்ந்து வழி விடும். அப்படியும் முறிந்துவிட்டால், மிச்சத்தைத் துளைத்து எடுக்கும் வேலையை அனுபவமுள்ள லேத்காரரிடம் விடுங்கள். சிலிண்டர் ஹெட்டில் கோணலாகத் துளை விழுந்தால் செலவு எங்கேயோ போய்விடும்.

கழற்றும்போது இரண்டு ஓரத்து போல்ட்டுகளிலிருந்து தொடங்கி நடுவை நோக்கி வர வேண்டும். எல்லாம் கழன்ற பிறகும் மேனிஃபோல்டு ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். அந்த ஒரு கீறல் போதும், எந்த கேஸ்கெட் போட்டாலும் காற்று கசியும். ரப்பர் சுத்தியால் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டுங்கள்.

மேனிஃபோல்டு வெளியே வந்ததும், ஹெட்டின் வாய்களைச் சுத்தமான துணியால் அடைத்து, மேலே அகலமான டேப் ஒட்டுங்கள். எத்தனை துணி வைத்தீர்கள் என்று அட்டையில் எழுதுங்கள். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். தொழில் கற்றுக்கொண்ட காலத்தில், நான் வேலை செய்த பட்டறையில் நான்கு துணி வைத்து மூன்றை எடுத்துப் பூட்டிவிட்டேன். ஸ்டார்ட் செய்ததும் ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தது. ஹெட்டைத் திறந்துதான் துணி நாரை எடுக்க முடிந்தது. அன்றிலிருந்து எண்ணிக்கை எழுதாமல் நான் வாயை மூடுவதில்லை.

சுத்தம் செய்வது

சென்சார், வால்வு, ரப்பர் எல்லாவற்றையும் மேனிஃபோல்டிலிருந்து பிரித்துவிடுங்கள். கரியை ஈரமாக்கும் முன் காய்ந்த நிலையிலேயே எவ்வளவு சுரண்ட முடியுமோ அவ்வளவு சுரண்டி எடுங்கள். ஈரமானால் குழம்பாகி எல்லா மூலையிலும் பூசிக்கொள்ளும். சுரண்ட மூங்கில் சிராய் போல நல்ல கருவி இல்லை. அலுமினியத்தில் கீறல் விழாது. வளைவுகளுக்குள் போக, பாட்டில் கழுவும் நீளமான நைலான் பிரஷ் போதும். பழைய பிரேக் கேபிளின் முனையைப் பிரித்து டிரில்லில் மாட்டிச் சுற்றுபவர்களும் உண்டு. கரி நன்றாக வரும், ஆனால் கம்பி இழை முறிந்து உள்ளே தங்கும். நான் அதைத் தவிர்க்கிறேன்.

பிறகு ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மேனிஃபோல்டை வைத்து, முழுகும்படி டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி இரவு முழுக்க ஊற விடுங்கள். வீட்டுக்கு வெளியே, நெருப்பு, பீடி எதுவும் பக்கத்தில் வராத இடத்தில் வையுங்கள். காலையில் பிரஷ் போட்டால் பாதிக் கரி தானாகக் கழன்றுவரும். மிச்சத்துக்குக் கடையில் விற்கும் கார்பன் கிளீனர் அடித்துப் பத்து நிமிஷம் விட்டுத் தேயுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

காஸ்டிக் சோடாவைத் தொடாதீர்கள். இரும்புச் சாமானுக்கு அது சரி. அலுமினியத்தை அது கரைக்கும். கரைக்கும்போது எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். ஒரு மணி நேரம் மறந்து விட்டால் கேஸ்கெட் உட்காரும் முகமே அம்மைத் தழும்பு போலக் குழிந்துபோகும். மணல் அடித்துச் சுத்தம் செய்வதும் வேண்டாம். மேனிஃபோல்டின் மூலையில் ஒளிந்த ஒரு சிட்டிகை மணல் போதும், பிஸ்டன் ரிங் போய்விடும்.

எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சலவைத்தூள் கலந்த வெந்நீரில் கழுவி, கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் எடுங்கள். நம் தெருக்களில் பல போர்களில் வருவது உப்புத் தண்ணீர். அதில் அலசிக் காய வைத்தால், எந்த உப்பிலிருந்து போல்ட்டைக் காப்பாற்றினோமோ அதையே உள்ளே பூசியது போலாகும். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இருந்தால் மிகவும் நல்லது. கம்ப்ரசர் காற்றால் ஒவ்வொரு வழியையும் ஊதி, அரை நாள் வெயிலில் வையுங்கள். அழுக்கு டீசலைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.

பெட்ரோல் கார்களில் மேனிஃபோல்டு பெரும்பாலும் பிளாஸ்டிக். அதில் இந்த அளவு கரி சேராது. தின்னர் போன்ற காரமான திரவங்கள் அதற்கு ஆகாது. சோப்புத் தண்ணீர் போதும். வெடிப்பு இருக்கிறதா என்பதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைச் சென்சாருக்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவுங்கள். பிரஷ், குச்சி எதுவும் அதன் துளையில் படக் கூடாது. மின்சாரத்தில் இயங்கும் த்ராட்டில் தட்டை விரலால் அழுத்தித் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் பல்சக்கரம் உடையும்.

ஹெட்டில் இருக்கும் வாய்களிலும் கரி இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு சிலிண்டரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் சுற்றி, அந்தச் சிலிண்டரின் இன்லெட் வால்வுகள் மூடியிருக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். வேக்குவம் கிளீனர் குழாயைப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு சுரண்டுங்கள். வால்வு மூடியிருக்கிறது என்ற நிச்சயம் இல்லாவிட்டால் அந்த இடத்தைத் தொடாமல் விடுவதே நல்லது. வெளிநாடுகளில் வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றால் அடித்து இதைச் செய்கிறார்கள். வீட்டு வேலைக்கு அது தேவையில்லை.

திருப்பிப் பூட்டுவது

கரி போவதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். சுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் வண்டி ஓடும். பூட்டுவது தவறினால் கழற்றுவதற்கு முன் இருந்ததைவிட மோசமாக ஓடும்.

இரண்டு முகங்களிலும் பழைய கேஸ்கெட்டின் துணுக்கு இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் வேண்டும். கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் முகம் குழியும். நேரான இரும்புச் சட்டத்தை மேனிஃபோல்டு முகத்தின் மேல் நீளவாக்கிலும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். எவ்வளவு வரை போகலாம் என்பது சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்க வேண்டும். பசை பூசி அந்த வளைவை மறைக்க முடியாது. உலோக கேஸ்கெட்டுக்கு மேல் சிலிக்கான் பசை தடவும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பிதுங்கும் பசை உள்பக்கம் காய்ந்து, உரிந்து, வால்வுக்குப் போகும்.

துணிகளை எடுங்கள். எண்ணுங்கள். அட்டையில் எழுதிய எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

போல்ட் மரைகளைப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, துரு பிடிக்காமல் இருக்க ஆன்டி-சீஸ் கிரீஸ் மிக மெல்லியதாகத் தடவுங்கள். கடலோர வண்டிக்கு இதை நான் விடுவதே இல்லை. ஒரு எச்சரிக்கை: கிரீஸ் தடவிய மரையில், சர்வீஸ் புத்தகம் சொல்லும் அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இறுகும். அதனால் டார்க்கைச் சற்றுக் குறைத்து வைக்க வேண்டும். எல்லா போல்ட்டையும் முதலில் விரலாலேயே முழுதாகச் சுற்றி உட்கார வையுங்கள். விரலால் போகாத போல்ட்டை ஸ்பானரால் போக வைக்காதீர்கள். பிறகு நடுவில் தொடங்கி, மாறி மாறி ஓரங்களுக்குப் போய், இரண்டு அல்லது மூன்று சுற்றில் டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். எட்டு மில்லி போல்ட்டுக்குப் பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும்; சரியான எண்ணை உங்கள் வண்டிப் புத்தகத்திலிருந்து எடுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். கை அனுபவத்தில் இறுக்குகிறேன் என்பவர்கள்தான் அலுமினிய மரையை அதிகம் கிழிக்கிறார்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஒரு சோதனை. டர்போவிலிருந்து வரும் ஹோஸின் வாயை அடைத்து, டயருக்குப் பிடிக்கும் அழுத்தத்தில் பாதிக்கும் குறைவாகக் காற்று விட்டு, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழ் வரும் இடத்தில் கசிவு இருக்கிறது. ஓடும் சூடான இன்ஜினில் பெட்ரோலோ கார்பன் கிளீனரோ அடித்துக் கசிவு தேடுவது தீ விபத்துக்கு வழி.

டீசல் காமன் ரெயிலுக்குள் திரும்ப ஏற, கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். முதல் ஸ்டார்ட்டின்போது, ஹோஸ் வாயை முழுதாக மூடும் அளவுக்கு ஒரு தட்டையான பலகையை உதவிக்கு நிற்பவர் கையில் கொடுங்கள். மேனிஃபோல்டில் டீசலோ ஆயிலோ தேங்கியிருந்தால் இன்ஜின் அதையே குடித்துக் கட்டுக்கடங்காமல் ரேஸ் ஆகும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்கக் கூடாது, பலகையால்தான். நன்றாகக் காய வைத்திருந்தால் பலகைக்கு வேலை வராது. எனக்கு வந்ததில்லை, ஆனாலும் வைத்துக்கொள்கிறேன். ஓடும் டீசல் இன்ஜினின் காற்று வாயில் எந்தத் திரவத்தையும் ஊற்றிச் "சுத்தம்" செய்யக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். திரவம் அதிகமானால் சிலிண்டரில் அமுங்க முடியாமல் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முட்டளவு தண்ணீரில் நின்றுபோன வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடிக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

முதல் ஐந்து நிமிஷம் ஐடிலிங் கொஞ்சம் ஏறி இறங்கலாம். கம்ப்யூட்டர் புதுக் காற்றளவைப் பழகும் நேரம் அது. உள்ளே மிஞ்சிய ஈரத்தால் சிறிது வெண்புகை வந்து நிற்கும். கரும்புகை தொடர்ந்தாலோ, ரேஸ் செய்யும்போது விசில் சத்தம் வந்தாலோ, எங்கோ காற்று கசிகிறது, நிறுத்திப் பாருங்கள்.

அந்த இன்னோவா மறுநாள் மாலை தயாரானது. டர்போ மாற்றவில்லை, கேஸ்கெட்டும் கூலியும்தான் செலவு. பெரியவர் தாமே ஓட்டி ராஜாமடம் வரை போய் வந்தார்.

500 கிலோமீட்டர் ஓடிய பிறகு, இன்ஜின் ஆறியிருக்கும் ஒரு காலையில், மேனிஃபோல்டு போல்ட்டுகளை அதே டார்க்கில் ஒரு தடவை சரிபாருங்கள். வேலை செய்த தேதியையும் மீட்டரில் இருந்த கிலோமீட்டரையும் வண்டிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.